பாதியில் நின்ற முள்

பட்டறையில் அவருக்கு அரைடேங்க் என்று பேர். ஐம்பத்து நாலு வயதில் முப்பது வருஷத்தைக் காருக்கு அடியில் படுத்தே கழித்தவர். நிமிர்ந்து நின்றால் முதுகு ஆட்சேபம் தெரிவிக்கும். ஊரார் வண்டிக்கெல்லாம் பெட்ரோல் முள்ளைச் சரிசெய்து கொடுத்த இந்த மனிதரின் சொந்தக் காரில் முள் நாலு வருஷமாகப் பாதியிலேயே நின்றது. நிரப்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி. "நம்ம குணம் அதுக்கு. எதுக்கும் அலட்டிக்காது" என்று நற்சான்றிதழ் வேறு கொடுத்திருந்தார்.

போன வருஷம் அந்தச் சான்றிதழை நம்பி மகளை நர்ஸ் வேலைத் தேர்வுக்கு அழைத்துப் போனார். பாதி டேங்க் காட்டிக்கொண்டே வண்டி நடுவழியில் நின்றது. தேர்வு மையத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த வருஷத் தேர்வு நாளைக் காலை எட்டு மணிக்கு. வயது வரம்புப்படி மகளுக்கு இதுவே கடைசி. முதல் பஸ் ஒன்பதுக்குத்தான் போய்ச் சேரும்.

"ஃபுல்லா போட்டுட்டுப் போனாப் போதுமே" என்றார்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் முள்ளைப் பாத்துட்டு, பாதி இருக்கே, வர்றப்ப போட்டுக்கலாம்னீங்க" என்றாள் மனைவி. "ஊருக்கெல்லாம் வைத்தியம். வீட்டு வண்டிக்கு மட்டும் வாய்வார்த்தை."

ஆகவே, விடுமுறை நாளின் மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து, பின் சீட்டைக் கழற்றினார். கீழே வட்ட மூடி. அதற்குள் டேங்க்கின் நிலவரத்தை முள்ளுக்குச் சொல்லும் மிதவை. அதன் பிளக்கைப் பிடுங்கி, வயரின் நுனியைக் காரின் உடம்பில் தொட வைத்தார்.

"முள் ஏறுதா பாரு."

முன் சீட்டில் சாவியைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்த மனைவி, "ஏறுது. நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் அசையுது" என்றாள்.

முள் நிரபராதி, வயர் நிரபராதி. குற்றவாளி மிதவைதான். பாட்டரியைக் கழற்றி, டேங்க்கிலிருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கி, கேனை மதிலோரம் நிழலில் வைத்தார். மிதவையை வெளியே எடுத்தால், அதன் கம்பிக் கை துருவேறிப் பாதி உயரத்தில் விறைத்துக் கிடந்தது. முன்கூட்டியே கடையில் வாங்கி வைத்திருந்த புதியதை மாட்டி, ரப்பர் வளையத்தையும் மாற்றி, மூடி, பாட்டரியைச் சேர்த்துச் சாவியைத் திருப்பினார்.

முள் அடிமட்டத்தில் படுத்துக்கொண்டது.

"புதுசும் டூப்ளிகேட்டு."

மறுபடி சீட், மறுபடி மூடி. கம்பிக் கையைத் தூக்கினால் முள் ஏறியது. உள்ளே வைத்து மூடினால் படுத்தது. பாகம் விற்ற கடைக்காரரையும் அவர் வம்சத்தையும் வரிசையாக விசாரித்தார். மூன்றாம் முறை சீட்டைத் தூக்கியபோது முதுகும் முள்ளோடு சேர்ந்து படுத்துக்கொண்டது.

மடியில் புத்தகத்தோடு வாசற்படியில் இருந்த மகள் கேட்டாள்: "அப்பா, அந்தக் கேன்ல இருக்கறது என்ன?"

அரைடேங்க் கேனைப் பார்த்தார். நாலு வருஷம் பொய் சொன்ன முள்ளைச் சந்தேகிக்காதவர், அது உண்மை சொன்ன முதல் நாளே மூன்று விசாரணைக் கமிஷன் வைத்திருந்தார்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க திட்டறது கேக்க நல்லாருந்துச்சுப்பா. ஒரு பாடமே முடிச்சுட்டேன்."

ஊற்றினார். முள் கால்வாசி ஏறி நின்றது.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டு, பங்க்கில் நிரப்பினார். முள் முழுசுக்கு வந்தும் எட்டி எட்டிப் பார்த்தார். போன வருஷம் நின்ற இடம் நெருங்கியதும் வண்டி தானாகவே மெதுவானது போலிருந்தது.

"முள்ளை நான் பாத்துக்கறேன். நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் மகள்.

ஏழேகாலுக்குக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் உள்ளே போனதும் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார். அவருக்குள் எவ்வளவு மிச்சம் என்று காட்ட முள் எதுவும் இல்லை. தேர்வு முடிந்து வந்த மகள் அவரை எழுப்ப மூன்று தடவை கண்ணாடியைத் தட்ட வேண்டியிருந்தது.