வாடையில் தொடங்கிச் சோளகத்தில் நிற்கும் வாசிப்பு

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பின்னேரங்களில் கோயில் விறாந்தையில் நாங்கள் சில ஆண்கள் வேதப் புத்தகம் வாசிக்கிறோம். கோயில் மூப்பர் நடத்துகிறார். போன வருடம் எடுத்த பகுதி, ஒரு நல்ல மனிதர் ஆடுமாடு, பிள்ளைகள், உடம்புச் சுகம் எல்லாவற்றையும் இழந்து, ஏன் என்று கடவுளிடம் கேட்பது. அப்போது என் மனைவி இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த மனிதருக்குக் கடவுள் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீட்டில் தனியாக வாசித்தேன். எழுத்து கண்ணோடு நின்றுவிட்டது. பக்கத்தில் யாராவது இருந்து பேசினால்தான் உள்ளே இறங்கும் போலிருந்தது.

ஆனால் எங்கள் பக்கம் வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் கடலில் இறங்க முடியாது. பாதிப் பேர் வலையோடு கிழக்குக் கரைக்குப் போய், அங்கே வாடி என்கிற ஓலைக் கொட்டில் அடித்துத் தங்கி, ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்றோடுதான் திரும்புவார்கள். அவர்கள் இல்லாமல் மேலே வாசிப்பது பிழையாம். மூப்பர் புத்தகத்தை மூடிவிடுவார். அவர்கள் வந்ததும், மறந்திருப்பார்கள் என்று முதல் வரியிலிருந்து தொடங்குவார். கரையில் நிற்கிற எங்களுக்கு மறக்கவில்லை என்பதை யாரும் கேட்பதில்லை.

இந்த முறையும் அப்படித்தான். அந்த மனிதரின் ஒட்டகங்கள் வந்தவுடனேயே, கிழக்கிலிருந்து திரும்பியிருந்த என் மச்சான், மனைவியின் தம்பி, தொடங்கினான்.

"மூப்பர், ஒட்டகம் கருவாடு தின்னுமா?"

"உன்னை மாதிரித்தான். கிடைச்சதைத் தின்னும். வாசி."

அந்தச் சிரிப்பிலே ஒரு ஞாயிறு போனது. பிறகு கிறிஸ்மஸ். பிறகு தவக்காலம், சிலுவைப்பாதை. பிறகு தலவிலக் கோயிலின் மார்ச் திருவிழா. புது எஞ்சினைப் பற்றிய கதையில் இன்னொரு ஞாயிறு. நண்பர்கள் வந்து அந்த மனிதரையே குற்றம் சொல்லும் பக்கங்களில் நாங்கள் தரைதட்டி நின்றோம்.

சித்திரை கழிந்து காற்று மாறத் தொடங்கியிருந்தது. மூப்பர், "போன கிழமை வராதவங்களுக்காக அந்த நண்பர்மார் பேசினதை இன்னொருக்காப் பாப்பம்" என்றார்.

"மூப்பர்" என்றேன். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "கடவுள் பேசுற இடத்துக்குப் போவம். எனக்கு இனிப் பொறுக்க ஏலாது."

"அத்தானுக்கு வாய் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்" என்றான் மச்சான்.

மூப்பர் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் கையில் தந்தார். "அப்ப நீங்களே வாசிங்க, தம்பி."

வாசித்தேன். கடவுள் பதில் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். கடலுக்கு எல்லை போட்டது யார், அப்போது நீ எங்கே இருந்தாய் என்று. கடல் என்றதும் எல்லாம் கெட்டது. எல்லையாவது ஒன்றாவது, போன வருடம் தென்னந்தோட்டத்துக்குள்ளேயே வந்ததே என்றார் ஒருவர். கல் போட்டால் நிற்கும் என்றார் இன்னொருவர். புத்தகத்தை வைத்துவிட்டு எழும்பிப் போகலாம் போலிருந்தது.

மச்சான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தான், இது கடலைப் பத்தி. அக்காவைப் பத்தி ஒண்டும் சொல்லேல்லையே."

"இல்லை" என்றேன். "இன்னும் பக்கம் இருக்கு."

"அப்ப வாற கிழமை அதை வாசிப்பம். எனக்கும் கேக்க வேணும்."

அவள் போன பிறகு, அக்கா என்ற சொல்லை அவன் என் முன்னால் சொன்னது அன்றுதான். மூப்பர் அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஓர் ஓலைத் துண்டை வைத்து மூடினார்.

மறுநாள் சோளகம் எழும்பியது. மச்சான் வலைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனான். மூப்பர் ஓலைத் துண்டை எடுத்துவிட்டுப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.