லக்மன் இழுக்கும் சத்தம்

மாவுக் கயிற்றைப் பலகையில் அடித்தேன். 'பட்'டென்ற அந்தச் சத்தம் என்னை ஆம்பூரில் எங்கள் பழைய சமையலறைக்குள் தூக்கிப் போட்டது.

அப்பா வேலை பார்த்த தோல் ஃபேக்டரிக்கு மெஷின் மாட்ட வந்த உய்குர்க்காரர், சீனாவின் மேற்குக் கோடியில் பிறந்தவர், எங்கள் மாடியில் தங்கியிருந்தார். அம்மாவின் குழம்பில் ஒரு வாய் வைத்தாலே காரத்தில் கண் கலங்கித் தட்டைத் தள்ளிவிடுவார்.

"வூட்டுக்கு வந்த மனுசன் பட்டினியாவே ஊருக்குப் போவுறாரே" என்று அம்மா புலம்பினாள்.

கிளம்பும் நாளில் அவரே உள்ளே வந்து, பரோட்டாவுக்கு ஊறிக் கிடந்த மைதாவை எடுத்தார். இழுத்தார், அடித்தார், மடித்தார், மறுபடி இழுத்தார். ஒரு கயிறு இரண்டானது, நாலானது. கடைசியில் அவர் கைகளுக்கு நடுவே வெள்ளை மழை தொங்கியது.

"இன்னாங்க இது, மாவா நூலா?" என்றாள் அம்மா.

"ஈரத்தோல இழுக்கிற மாதிரி இழுக்குறாரு. ஒரு இடம் கிழியல பாரு" என்றார் அப்பா.

'லக்மன்' என்று அவர் சொன்ன அந்த நூடுல்ஸ் வெந்ததும், அதன் மேல் அம்மா காரம் குறைத்த கறிக்குழம்பைத் தயங்கித் தயங்கி ஊற்றினாள். அவர் தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டினார்.

இன்று என் மாவு அறுகிறது. திரும்ப அடிக்கிறேன். சத்தம் கேட்டு, உள்ளறையில் வயதாகிப் படுத்திருக்கும் அம்மா குரல் கொடுக்கிறாள்: "அந்தச் சீனாக்காரரு வந்துட்டாராடா? காரத்தக் கம்மி பண்ணு!"