இக்னாஸ் மாமாவின் கொட்டகைச் சுவர்

என் அம்மாவோடு கூடப்பிறந்தவர்கள் நான்கு பேர். கடைக்குட்டி இக்னாஸ் மாமா. காரைக்காலில் பிறந்து, பிரான்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து, சைகோனில் வந்து இறங்கியவர். கப்பொரால் பதவி வரை போய்ப் பட்டாளத்தை விட்ட பிறகும் ஊர் திரும்பவில்லை. மாதலேன் அத்தையைக் கட்டியதும் இங்கேதான். அத்தையின் தகப்பனார் சுங்கத்தில் கிளார்க்கு. அவருடைய தங்கைதான் எங்கள் பெரியப்பா மகன் லெயோனுக்குப் பெண் கொடுத்தவள். அது பெரிய கதை, இப்போது வேண்டாம்.

மாமாவுக்கு ரப்பர் கம்பெனி வெள்ளைக்கார முசியே ஒருவருடைய பங்களாவில் தோட்ட மேற்பார்வை வேலை. தோட்டத்துக் கோடியில் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருந்தது. மாமா வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் மண்வெட்டி, முள்வாரி, தொரட்டி எல்லாம் அதில் ஒரு மூலையில் சாத்திக் கிடக்கும். ஒன்றை இழுத்தால் நாலு வந்து காலில் விழும். மழைக்காலத்தில் ஈரத்தரை பட்டு இரும்பு துருவேறும், பிடி உளுத்துப் போகும். மாமா சுவருக்கு வெள்ளையடித்தார். உயரத்தில் நீளமாக ஒரு மரச்சட்டம் அடித்து, அதில் இரண்டிரண்டு முளைகள் வைத்தார். இரும்பு மேலே, பிடி கீழே. பிடியின் நுனி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும். பட்டாளத்தில் துப்பாக்கி வைக்கிற ஒழுங்கு அவருக்கு விட்டுப்போகவில்லை. அதோடும் நிற்காமல், ஒவ்வொன்றையும் மாட்டி, அதைச் சுற்றித் தாரால் கோடு இழுத்துவிட்டார். எடுத்தது எது என்று கோட்டைப் பார்த்தாலே தெரியும்.

அவருக்குக் கீழே வேலை செய்தவன் தாம். தாம் என்றால் எட்டு. இங்கே பிள்ளைகளைப் பிறந்த வரிசை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதிலும் மூத்ததையே இரண்டு என்பார்கள். அதனால் அவன் ஏழாவது பிள்ளை. ஊர் சைகோனுக்கு வெளியே குச்சி என்ற இடம். இரண்டு பேரும் வியட்நாமியில் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தமிழில்தான் சொல்ல வரும்.

“கப்பொரால் அண்ணே, மண்வெட்டியெல்லாம் பட்டாளத்துல சேந்தாச்சு. சம்பளம் எப்போ?” என்பான் தாம்.

“உனக்கு முன்னாடி அதுகளுக்குத்தாண்டா. அதுக வாய் பேசாது.”

ஐம்பதாம் வருஷத்து மழைக்காலம். ஒரு சனிக்கிழமை தாம் அழுதுகொண்டே கொட்டகைக்கு வந்தான். அவன் அம்மா செத்துப்போனாள். குழி வெட்ட ஊரில் மண்வெட்டி இல்லை. பிரான்சை எதிர்த்த கலகக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையில் பள்ளம் வெட்டி வண்டிகளை மறிக்கிறார்கள் என்று, பட்டாளம் வந்து வீடுவீடாக மண்வெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

மாமா தன் கையாலேயே இரண்டைக் கழற்றிக் கொடுத்தார். “சாக்குல சுத்திக் கொண்டு போ. எல்லாம் முடிச்சிட்டு திங்கக்கிழமை வந்தாப் போதும்” என்றார்.

திங்கட்கிழமை தாம் வந்தான், மண்வெட்டிகள் வரவில்லை. வழியில் சோதனை கடுமையாக இருந்ததால் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தானாம். மறுநாள் பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்தது. சிப்பாய்கள் வீடு வீடாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். லியுத்தனான் பதவியில் இருந்த ஒரு அதிகாரி கொட்டகைக் கதவைத் திறந்தார். குவியலாகக் கிடந்திருந்தால் யார் எண்ணப் போகிறார்கள்? வெள்ளைச் சுவரில் இரண்டு வெறுங்கோடுகள் கண்ணில் அறைந்தன.

“இது இரண்டும் எங்கே?”

“குச்சியில், மொன் லியுத்தனான்.”

“யார் கொண்டுபோனது?”

மாமா கால் சேர்த்து விறைப்பாக நின்றார். பட்டாளத்தில் அதிகாரி கேட்டால் கேட்டதற்கு மட்டும்தான் பதில். ஒரு சொல் கூட்டக் கூடாது.

“தாம்” என்றார்.

யார் கொடுத்தது என்று அதிகாரி கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. குச்சிக்கு மண்வெட்டி என்றால் சாலை வெட்டத்தான் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். மல்லிகைப் பந்தலடியில் நின்ற தாமைக் கையைக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது தாம் திரும்பிப் பார்த்தான். அண்ணன் இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று பார்த்த பார்வை அது.

மறுநாள் விடிந்ததும் மாமா குச்சிக்கு பஸ் ஏறினார். பாதியில் சாலை அறுந்து கிடந்தது. மிச்சத்தைச் சேற்றில் நடந்தார். புதைகுழி மண் இன்னும் ஈரமாகவே இருந்தது. மண்வெட்டி இரண்டையும் தாமின் பெண்சாதி கழுவித் துடைத்துத் தாழ்வாரத்தில் வைத்திருந்தாள். அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பிரான்சுப் பிரஜை என்ற கடுதாசியைக் காட்டி, அடுத்த நாள் அதிகாரி முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

“தாயைப் புதைக்கத்தான், முசியே. நான்தான் கொடுத்தேன்.”

“அதை முந்தாநாளே ஏன் சொல்லவில்லை?”

மாமா மண்வெட்டிகளை அவர் பக்கமாகத் தள்ளினார். “ஆளைத் தீவுச் சிறைக்கு அனுப்பியாயிற்று” என்றார் அதிகாரி.

நான்கு வருஷம் கழித்துச் சமாதானம் வந்தபோது தீவிலிருந்து கைதிகள் திரும்பினார்கள். மாமா மூன்று நாள் துறைமுகத்தில் நின்றார். தாம் இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான் என்று கூட இருந்தவன் ஒருவன் சொன்னான்.

குச்சியில் தாமின் அம்மாவுடைய திவசத்துக்கு வருஷா வருஷம் மாமாவுக்கு அழைப்பு வரும். “எங்களுக்காகச் சேற்றில் நடந்து வந்த மனுஷர்” என்று தாமின் பெண்சாதி முதல் சோற்றுக் கிண்ணத்தை அவருக்குத்தான் வைப்பாள். சாப்பிட்டுத் திரும்பும் நாளெல்லாம் மாமா வீட்டில் வாயில் தண்ணீர்கூடப் படாமல் படுத்துவிடுவார். மாதலேன் அத்தை, “போவாதீங்கன்னா கேக்குறீங்களா? போயிட்டு வந்து சொவத்தப் பாத்துப் படுத்துக்கிறீங்க” என்று திட்டுவாள்.

ஐம்பத்தாறில் இவர்களும் பிரான்சுக்குக் கப்பலேற முடிவானது. அந்த வருஷத் திவசத்தில் மாமா தாமின் பெண்சாதியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அங்கே நடந்ததைக் கப்பலுக்கு முந்தின நாள் என் அம்மாவிடம் சொல்லி அழுதார்.

“அவன் பேரச் சொன்னது நாந்தான், தங்கச்சி.”

தாமின் பெண்சாதி கீரை அரிந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியும். நீங்க மொத நாள் இந்த வாசல்ல வந்து நின்னப்பவே தெரியும்.”

“அப்போ ஏன் எனக்குச் சோறு போட்ட?”

“இந்த வருஷமாவது வாயத் தொறப்பீங்கன்னுதான். ஆறு வருஷம் ஆச்சு.”

எழுந்துவந்து, அவர் முன்னால் வைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுபடி வெளியே வரவில்லை. மாமா பஸ்ஸுக்கு எழுந்தாராம்.