பள்ளிக்கூட வாசலில் கட்டிய வேப்பிலை

மாசி முடிந்து வெயில் ஏறியபோது செஞ்சியில் அம்மை பரவியது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஆனால் ஆசிரியர்களுக்கு விடுமுறை இல்லை. தடுப்பூசி போட வரும் அம்மை குத்துகிறவரோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது.

நான் அப்போது தற்காலிக ஆசிரியை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் என் இடது கால் சூம்பிப் போயிருந்தது. வகுப்பில் நிற்பேன், கொஞ்ச தூரம் நடப்பேன். மலையடித் தெருக்களில் பாறைமேல் ஏறி இறங்க முடியாது. வீட்டில் பால்குடிக்கும் பெண் குழந்தை வேறு.

"முடியலைன்னா லீவு எழுதிக் குடும்மா" என்றார் தலைமை ஆசிரியர். "ஆனா உன் இடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்புறம் என்னைக் கேக்காத."

அந்த வேலை போனால் திரும்பக் கிடைக்காது. மற்றவர்கள் வெயிலில் அலையும்போது எனக்கு மட்டும் சலுகை கேட்பது சரியா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை கேட்டுவிட்டேன்.

"சார், என்னால தெருவுக்குப் போக முடியாது. வேலை செய்ய முடியும். பொதுக் கிணறு நம்ம வாசலுக்கு எதிர்லதானே இருக்குது? தண்ணிக்கு வராத வீடு கிடையாது. அம்மை குத்துறவரை இங்க உக்கார வைங்க. நான் கூப்பிட்டு அனுப்பறேன். கால் நீட்டிக்க ஒரு பெஞ்சி குடுத்தா போதும்."

சுகாதார மேற்பார்வையாளர் இதைக் கேட்டுச் சிரித்தார். "ஊரே டீச்சரம்மா கால்ல வந்து விழணுமாக்கும்? சரி, வியாழக்கிழமை வரைக்கும் பாக்கறேன். ஆள் வரலைன்னா தெருவுக்குப் போகணும், இல்ல வேலைய விடணும்."

பெஞ்சி வந்தது. ஆட்கள் வரவில்லை. என்னைக் கண்டால் நின்று பிள்ளையின் படிப்பை விசாரிக்கும் பெண்கள்கூடக் குடத்தோடு சாலையின் மறு ஓரமாகவே போனார்கள். கூப்பிட்டால் நடை வேகமாயிற்று. அம்மை குத்துகிறவர் கொட்டாவி விட்டார். "பென்ஷன் வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்துடுவேன் போலருக்குது டீச்சர்."

நீட்டிய என் காலைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்களோ என்று நினைத்தேன். அதைப் புடவைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன். மரத்துப் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை காலை என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய் தண்ணீருக்கு வந்தாள். விடக்கூடாது என்று எழுந்து வாசல்வரை போனேன்.

"ஏம்மா, ஏன் எல்லாரும் ஒதுங்கிப் போறீங்க?"

அவள் சாலையின் அந்தப் பக்கமே நின்றாள். "இன்னா டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? பள்ளிக்கூடத்துலயே ஆத்தா எறங்கிட்டா. வேப்பில கட்டிக் கீதே, பாக்கல? அங்க வந்து ஊசி குத்திக்கினா அவ சும்மா வுடுவாளா?"

திரும்பிப் பார்த்தேன். வாசல் தூண்கள் இரண்டிலும் உயரத்தில் வேப்பிலைக் கொத்து. அதற்கு நடுவில்தான் வந்து போய்க்கொண்டிருந்தேன். வேப்பிலை கட்டிய வாசல் என்றால் உள்ளே அம்மை என்று அர்த்தம். அந்நியர் யாரும் படியேற மாட்டார்கள். எனக்கும் அது தெரியும். என் காலைப் பற்றிய நினைப்பில் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கட்டியவள் பள்ளிக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மாள். "உங்களுக்கும் கொயந்தைக்கும் ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான் கட்டினேன். அவுக்க மட்டும் சொல்லாதீங்க, நான் கை வெக்க மாட்டேன்."

அம்மை குத்துகிறவரைப் பார்த்தேன். "எனக்கும் புள்ள குட்டி இருக்குது டீச்சர்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று காலை என் குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. பல் முளைக்கிற சூடு என்று மாமியார் சொல்லியிருந்தார். பல்தானா? படித்தவள், பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள், ஆனாலும் அவிழ்த்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். பெஞ்சியைத் தூணருகே இழுத்தேன். நல்ல காலை ஊன்றி ஏறினேன். பெஞ்சி ஆடியது. தண்ணீர் ஊற்றும் அம்மாள் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"விழுந்து வெக்காதீங்க டீச்சர், அந்தப் பழியும் என் மேலதான் வரும்."

மனதுக்குள் மாரியாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்த்தேன். ஓர் இலையும் தரையில் விழாமல் முந்தானையில் வாங்கினேன். மற்றதையும் அப்படியே அவிழ்த்து, மாரியம்மன் கோவிலில் சேர்க்கச் சொல்லி அவளிடமே கொடுத்தேன். அதற்கு அவள் மறுக்கவில்லை.

சாலையின் அந்தப் பக்கம் நின்றவள் குடத்தை இறக்கி வைத்தாள். "அப்போ உள்ள யாருக்கும் இல்லியா? சரி, என் பொண்ணக் கூட்டியாறேன். வலிக்காம குத்தச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போனதும் குழந்தையின் ஈறைத் தடவினேன். விரலில் கூர்மையாக ஏதோ பட்டது. பல்தான்.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வந்தபோது வரிசை கிணற்றடிவரை நின்றது. அதிகாரி வந்தால் எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். நான் பெஞ்சியில் நீட்டிய காலை எடுக்கவில்லை.

"எழுந்திருக்க முடியல சார், தப்பா நினைக்காதீங்க."

அவர் வரிசையைப் பார்த்தார். "இருங்க இருங்க, வேலையப் பாருங்க" என்று உள்ளே போனார்.

பள்ளி திறந்தபோது அந்தப் பெஞ்சியைக் கால் நீட்டிக்க என் மேசைக்கு அடியில் போடச் சொன்னேன். தலைமை ஆசிரியர் பார்த்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.