டோஹா கிருஷ்ணகுமாரும் பெல்மதுளை சப்மரினும்

முதலில் பணிஸைப் பிரித்துப் பார்ப்பார். கடிப்பதெல்லாம் அப்புறம். இரண்டு விரலால் மேல்பாதியைத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, உள்ளே கிடக்கும் கோழித்துண்டையும் வெங்காயத்தையும் நீதவான் மாதிரி விசாரிப்பார் கிருஷ்ணகுமார். பிறகு ஒரு பெருமூச்சு. "இதெல்லாம் சப்மரினா? டோஹாவுல இத நாய்க்குக்கூடப் போட மாட்டான்." சொல்லி முடித்ததும், நாய்க்குப் போடாததை நான்கே வாயில் தின்று தீர்ப்பார்.

பெல்மதுளைச் சந்தியில், றக்வான பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நஸ்லின் நடத்தும் சின்னக் கடை அது. நீட்டுப் பணிஸை நடுவில் கீறி, கோழி, கோவா என்கிற முட்டைக்கோஸ், வெங்காயம் எல்லாம் அடைத்து, கடைசியில் ஒரு கரண்டி கட்டச் சம்பல் தடவித் தருவார்; இந்த ஊரில் அதுதான் சப்மரின். சம்பலுக்கு மிளகாய் இடிப்பது அவரேதான். ஆஸ்பத்திரிக்கு வரும் தோட்டத்துச் சனமும், மாணிக்கக் குழியில் இறங்கும் ஆட்களும் மழையில் நனைந்துகொண்டு நின்று வாங்கிச் சாப்பிடுவார்கள். எனக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதுதான் சாப்பாடு.

கிருஷ்ணகுமாருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு வருடம் டோஹாவில் ஒரு சப்மரின் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். வந்து இரண்டு வருடமாகிறது. அடுத்த விசா வரும் வரும் என்று மடிப்புக் கலையாத சட்டை போட்டு, சென்ட் அடித்து, கறுப்புக் கண்ணாடியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு காலை பத்து மணிக்குச் சந்திக்கு வந்துவிடுவார். மனைவி விஜயகலா அந்த நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று தெரியாத மனிதருக்கு, கடையில் சீஸ் எந்த நாட்டுச் சீஸ் என்று தெரியவேண்டும்.

'நியம' என்ற சிங்களச் சொல்லை அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுவார். அசல் என்று அர்த்தம். "நியம சப்மரின் வேற தங்கச்சி. அதுல கோவா வராது, லெட்டஸ்தான் வரும். சம்பல்னு ஒண்ணு கிட்டயே வராது." நஸ்லின் சிரித்துக்கொண்டே, "லெட்டஸ் இந்த ஊர்ல எங்கண்ணே ஈக்குது? கோவாதான் ஈக்குது" என்பார். நஸ்லினிடம் மட்டும் சொன்னால் பரவாயில்லை. வரிசையில் நிற்பவர்களிடமும் போய்ச் சொல்லுவார். ஒருநாள் கருப்பாயி என்ற தோட்டத்துப் பெண்ணின் கையிலிருந்த பணிஸையே பிரித்துக் காட்டப் போனார். "தம்பி, எனக்குப் பசி. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அவள் சொன்னதை நான் இன்னும் நினைத்து நினைத்து ரசிக்கிறேன்.

வாயால் சொன்னது போதாதென்று ஃபோனிலும் எழுதிவிட்டார். கடைகளைத் தேடுகிறவர்கள் பார்க்கும் இடத்தில், 'கிறிஸ் டோஹா' என்ற பெயரில், ஒற்றை நட்சத்திரம். "இது சப்மரின் அல்ல. சம்பலைப் போட்டு மறைக்கிறார்கள். ஏமாற வேண்டாம்." இதை எழுதிய கையோடு நஸ்லினிடமே கொண்டுபோய்க் காட்டினார். பதினெட்டுப் பேருக்குப் பிடித்திருக்கிறதாம். இப்படியொரு தடித்த தோலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன மாதம் அந்த நட்சத்திரம் நஸ்லினின் வயிற்றில் அடிக்கப் பார்த்தது. பக்கத்துத் தோட்டப் பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்கு இருநூறு சப்மரின் வேண்டுமென்று துஷ்யந்தி டீச்சர் சொல்லி வைத்திருந்தார். கடை திறந்து எட்டு மாதத்தில் வந்த முதல் பெரிய ஓடர். "இது கெடச்சா மத்த ஸ்கூலும் வரும். கெடைக்கலன்னா கடைய மூடுறதுதான்" என்று நஸ்லின் என்னிடமே சொல்லியிருந்தார். ஒருநாள் டீச்சர் கையில் ஃபோனோடு வந்தார்.

"நஸ்லின், எனக்கு ஒங்க ருசி தெரியும். ஆனா ஸ்கூல் அதிபர் இதப் பாத்துட்டாரு. ரத்னபுரியில பேக்கரிக்காரனுக்கே குடுத்திருவோம்ங்கிறாரு."

நஸ்லின் கரண்டியைக் கீழே வைத்தார். மூலையில் உட்கார்ந்திருந்த நம்மவர் எழுந்து வந்தார், கூச்சமே இல்லாமல்.

"நான்தான் டீச்சர் எழுதினேன். உண்மைய எழுதணும்ல?"

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி. அப்ப நியம சப்மரின் ஒண்ணு செஞ்சு காட்டுங்க. நல்லா இருந்தா நஸ்லின் அதையே இருநூறு செய்யட்டும். அதிபர்கிட்ட நான் பேசுறேன்."

எனக்கு அன்று பஸ் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது.

கிருஷ்ணகுமார் கை கழுவி, பொலித்தீன் உறை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போனார். கத்தியை வைத்து அமுக்கியதில் பணிஸ் இரண்டாகவே போய்விட்டது. இன்னொன்றை எடுத்தார். சீஸை அடியில் வைத்து அதன்மேல் சூட்டோடு கோழியைக் கொட்ட, எல்லாமாக வழுக்கி மேசைக்கு வந்தது. சோஸ் போத்தலைப் பிடித்தபடி தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "அடுத்தது எது தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பதினொரு வருசம் சப்மரின் கடையிலதானே இருந்தீங்க?" என்றார் டீச்சர்.

"கடையிலதான் டீச்சர். பைக்குல. வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கிறது. ஒட்டித்தான் கையில தருவாங்க. பிரிச்சா வேல போயிரும்."

"ஒருநாள்கூடச் சாப்பிட்டதில்லையா?"

"வெல கூட டீச்சர். ரூம்ல நாங்க பருப்புதான்."

நான் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். எட்டு மாதமாக இந்த மனிதர் பேசிய பேச்சுக்கு இது போதாது என்றுகூட நினைத்தேன். சிரிக்க வாயைத் திறந்தேன். நஸ்லின் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

நஸ்லின் மேசையில் சிதறிக் கிடந்ததை ஒதுக்கித் துடைத்துவிட்டு, தன் வழக்கப்படி ஒன்று செய்தார். கோழி, கோவா, வெங்காயம், நிறையச் சம்பல். "இத மடிச்சுத் தாங்கண்ணே. டீச்சர் கொண்டுபோய் அதிபருக்குக் குடுக்கட்டும்."

கிருஷ்ணகுமார் காகிதத்தை விரித்தார். அந்தக் கைகளா இவை என்றிருந்தது எனக்கு. இரண்டு மடிப்பு, ஒரு திருப்பு, முனைகளை உள்ளே செருகி ஒரு தட்டு. கம்பெனியில் மடிப்பதைப் பதினொரு வருடம் வாசலில் காத்து நின்று பார்த்த கை. ஒரு சுருக்கம் இல்லை. டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உள்ள ஒங்க கை, வெளிய இவரு கை. இருநூறும் இப்பிடியே வந்தாப் போதும் நஸ்லின். அதிபர் வாயத் தொறக்க மாட்டாரு. ஓடர் ஒங்களுக்குத்தான்."

நஸ்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒற்றை நட்சத்திரத்தை மனிதர் இன்றுவரை அழிக்கவில்லை. நானும் அவரை மன்னிக்கவில்லை.

அன்று பார்சலைக் கொடுப்பதற்குக் கிருஷ்ணகுமார் கையை நீட்டியிருந்தாலே போதும். டீச்சர் மேசைக்கு அந்தப் பக்கம், இரண்டடி தூரத்தில் நின்றார். அவரோ பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி, டீச்சரையும் தாண்டி, கடைக்கு வெளியே போனார். அங்கே திரும்பி, திறந்தே கிடந்த கதவை விரலால் இரண்டு தரம் தட்டினார். ஓரடி பின்னால் போய், தூறலில் நனைந்தபடி, பார்சலை இரண்டு கையாலும் நீட்டி, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.