குழாய்க்காரரின் காத்து

குழாய் வேலை பார்த்தவரை எல்லோரும் குழாய்க்காரர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மாமியார் வீட்டிலும் அதுவே பெயராகிப் போனது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் இயந்திரம், தலைக்கு மேல் மின்விசிறி. போகும்போது ஒரு பங்கு அசதி என்றால் திரும்பும்போது இரண்டு பங்கு.

பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு இல்லாத சொத்து ஒன்று அவருக்கு இருந்தது. இன்னும் கொஞ்சம் சிறுநீர் போனது, தினம் ஒரு டம்ளர் அளவுக்கு. எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு தண்ணீர் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குடித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருத் தெருவாகத் தண்ணீர் வரவழைத்த மனிதர், அந்த ஒரு டம்ளரை வைத்துத்தான் நாளை ஓட்டினார்.

அப்போதுதான் நெஞ்சு பிடிக்க ஆரம்பித்தது. இயந்திரம் உடம்புத் தண்ணீரை இழுத்து முடிக்கப்போகிற நேரம் பார்த்து, நடு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நர்ஸ் கேட்டால், "காத்து, சிஸ்டர். வாயுப் பிடிப்பு" என்பார்.

மறைத்ததற்குக் காரணம் அவருடைய சித்தப்பா மகன். அவரும் டயாலிசிஸ்காரர்தான். நெஞ்சுவலி என்று சொல்லப்போய், ரத்தக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்துகொண்டிருந்த சிறுநீரும் நின்றுவிட்டது. "உயிர் தங்கிச்சு, தண்ணி போச்சுண்ணே" என்று அவர் சொன்னது குழாய்க்காரர் காதிலேயே ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, நெஞ்ச எதுக்குத் தடவுறீங்க?" என்றாள் மனைவி.

"காத்தும்மா."

"இந்தக் காத்தோடதான் நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன். வேலைக்குப் போக மனசில்லன்னா போன்லயே 'பைப்புல காத்து அடைச்சிருக்கு, தானா சரியாயிடும்'னு சொல்லி வெச்சிடுவீங்களே. எந்த வீட்லயாவது சரியாச்சா?"

"ரெண்டு வீட்ல ஆச்சு."

"மத்த வீட்ல?"

அவர் கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடைப்பு இருந்துச்சு."

"என்னையும் கஸ்டமர் ஆக்கிட்டீங்க" என்றாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த முறை இயந்திரத்தில் படுத்திருக்கும்போது வலி தாடை வரைக்கும் ஏறியது. நர்ஸ் ஓடி வந்தாள். "என்ன அண்ணே, காத்தா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மனைவி பையை மடியில் வைத்தபடி தூங்கி விழுந்துகொண்டிருந்தாள்.

"இல்ல சிஸ்டர். அடைப்பு. ரொம்ப நாளாவே."

இழுப்பதை நிறுத்தினார்கள். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை என்று தெரிந்தபிறகு டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"படம் எடுத்தா, இருக்கிற ஒரு டம்ளரும் போயிடுமேன்னுதான்."

"எல்லாருக்கும் உடனே படம் எடுக்குறதில்லைங்க. டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு ஸ்டென்ட் வெச்சாலும் சில பேருக்குப் பெரிசா பலன் கிடைக்கிறதில்ல. முதல்ல மாத்திரை கொடுத்துப் பார்ப்போம். ஆனா சும்மா இருக்கும்போதே வலி வந்தா படம் எடுத்துதான் ஆகணும். அப்ப சிறுநீர் நிக்காதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"இப்போதைக்கு அது இருக்கும்ல?"

"இருக்கும். ஆனா ஒண்ணு. நிறைய தண்ணி சேர்ந்து வந்தா வேகமா இழுக்க வேண்டியிருக்கு, இதயம் தாங்கல. இனிமே மெதுவா இழுப்போம், கூட நேரம் படுக்கணும். நீங்களும் குடிக்கிறதக் குறைக்கணும்."

எந்த டம்ளருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அதிலேயே கைவைத்துவிட்டார்கள். சண்டை போட நினைத்தார், முடியவில்லை. சரி என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். மனைவி டம்ளரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பாதிதான் இருந்தது.

"மீதி எங்கம்மா?"

"காத்து" என்றாள்.

சிரித்தால் நெஞ்சு வலிக்குமோ என்று பயந்துகொண்டே சிரித்தார். பிறகு, ஒவ்வொரு மடக்காகக் குடித்தார்.