குழாய் வாயில் கட்டிய துணி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பின்பக்கம் ஒரே குழாய். மழை பெய்தால் போதும், தண்ணீர் செம்மண் கலந்துதான் வரும். வாளியில் பிடித்து வைத்தால் அடியில் ஒரு விரற்கடை வண்டல் படியும். என் மனைவி என்னுடைய பழைய வேட்டியைக் கிழித்துக் குழாய் வாயில் கட்டி வைப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் அதை அவிழ்த்து, கசக்கி, மறுபடி கட்டுவாள்.

எனக்கு எஞ்சின் கொட்டகையில் பாய்லர் கழுவும் வேலை. நாள் முழுக்க அடியில் தங்கிய வண்டலைச் சுரண்டுகிறவன், வீட்டுக் குழாயை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. "ரயிலுக்கெல்லாம் வயித்தக் கழுவி விடுறவருக்கு வீட்டுக் கொழாய் கண்ணுல படாது" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் துணியைக் கட்டினாள். அன்று மாலை காய்ச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

நான் அழவில்லை. காரியம் முடியும்வரை பிறர் சொன்னதையெல்லாம் செய்தேன். பிறகு வேலைக்குப் போனேன். சோற்றில் உப்பு இருக்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை. தெரியாததில் வருத்தமும் இல்லை.

அதற்குப் பின் வந்த வெள்ளிக்கிழமைகளில் துணியை யாரும் அவிழ்க்கவில்லை. வண்டல் அடைத்துத் துணி கனத்துத் தொங்கியது. தண்ணீர் நூலாக இறங்கியது. ஒரு வாளி நிறைய அரை மணி நேரம் ஆயிற்று. நான் பாட்டுக்குக் காத்திருந்தேன். அவள் கை கடைசியாகச் செய்த வேலை அந்த முடிச்சு. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டுப் பெண் எதிரே வந்தாள். நிறைமாதம். இரண்டு கையிலும் வாளி. சாலை முனையில் இருந்த பொதுக் குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, பின்னால கொழாய் இருக்கே?"

"இருக்கட்டும் அண்ணே. அக்கா கட்டுனது. ஒங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப அவுத்துக்கலாம் லா."

எத்தனை நாளாக இப்படிச் சுமக்கிறாய் என்று கேட்டேன்.

"காரியம் முடிஞ்சதுலேர்ந்து."

எனக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு உறைத்தது அதுதான்.

வாளிகளை வாங்கி அவள் வாசலில் வைத்துவிட்டு நேரே குழாயடிக்குப் போனேன். முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தேன். ஒரு பிடி செம்மண் காலில் கொட்டியது. துணியை நன்றாக அலசித் திரும்பக் கட்டினேன். குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்த வேகத்தில் துணி கழன்று விழுந்தது. இறுக்கிக் கட்டினேன். மறுபடியும் விழுந்தது. பாய்லர் மூடியை ஒரு சொட்டு ஒழுகாமல் முடுக்குகிறவன் நான். ஒன்பது வருஷம் அவள் அந்தக் குழாயில் துணி கட்டியிருக்கிறாள். எப்படிக் கட்டினாள் என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஒரு முடிச்சையும் சரியாகப் பார்க்காமலே அவிழ்த்துவிட்டேன்.

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்து குழாயை மூடிவிட்டுப் போனாள்.